ரீலோட் காசும் கடைசி பஸ்ஸும்: படுவான்கரைக் குறும்படம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இவ்வாய்வு, இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு மாவட்டத்தில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பகுதியில் 2023 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட, ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும் ஒரு சுயாதீனக் குறும்படத்தைப் பற்றியது. படத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் பங்கேற்றவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். நடித்தவர்களில் இருவர் அப்போது பதினெட்டு வயதை எட்டாதவர்கள். படத்தில் வரும் கடன் விவகாரங்களும் ஊரில் இன்னும் தீராதவை. திரைக்கதை வாசிப்புகளில் உடனிருந்தவன், முதற் தொகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர்களில் ஒருவன் என்ற அளவில்தான் இப்படத்துடன் எனக்குத் தொடர்பு. படம் முழு வெற்றி பெற்றுவிட்டதாக நான் கருதவில்லை. ஆயினும், இளம் வயதினரின் வாழ்க்கையை உள்ளபடி காட்டுவதாக நாம் சொல்லிக்கொள்ளும் காரியம் எங்கே கைகூடுகிறது, எங்கே நழுவுகிறது என்பதை இதன் உருவாக்கம் காட்டிய அளவுக்குக் கிழக்கில் வேறொரு படத்தின் உருவாக்கம் எனக்குக் காட்டியதில்லை. ஓர் இளைஞனின் ஒரு நாளுக்குள் பணம் எங்கிருந்து வருகிறது, நேரம் எங்கே போகிறது என்ற இரண்டையும் விசாரிக்காத படம், எவ்வளவு புழுதியையும் கண்ணீரையும் காட்டினாலும் அவனை அறியாது என்பதே இந்நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் வாதம்.

முதற் பிரதி

முதலில் எழுதப்பட்ட கதை எளியது. உயர்தரம் கற்கும் பதினேழு வயதுப் பெண், யுத்தத்தில் காணாமலாக்கப்பட்ட தந்தை, கூலி வேலைக்குப் போகும் தாய், போதைப்பொருளில் விழுந்துவிட்ட அண்ணன் என நான்கு பேர். துவக்குச் சத்தம் கேட்டு அவள் நள்ளிரவில் திடுக்கிட்டு விழிப்பதில் தொடங்கிய பிரதி, தந்தையின் படத்துக்கு முன்னால் பரீட்சைப் பெறுபேற்றை அவள் வைப்பதில் முடிந்தது. எழுதியவர்கள் நால்வரும் இருபதுகளின் நடுவில் இருந்தவர்கள், நாடகம் படித்தவர்கள், அதே மண்ணில் வளர்ந்தவர்கள். அந்தக் கதையைப் பொய்யென்று எவரும் சொல்லிவிட முடியாது. அப்படியான வீடுகள் படுவான்கரையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு.

கதாநாயகியாக நடிக்கவிருந்த மாணவிதான் வாசிப்பின் இடையில் முதல் ஐயத்தை எழுப்பினாள். "சேர், இவளுக்கு இது எப்பிடி ஞாபகமிருக்கும்? எனக்கெண்டா ஒண்டும் ஞாபகமில்ல. அம்மாக்குத்தான் ஞாபகம். அம்மா சொல்லவும் மாட்டா." கணக்குப் பார்த்தால் அவள் சொன்னது சரி. 2023 இல் பதினேழு வயதானவள் 2006 இல் பிறந்தவள். 2007 ஜூலையில், கிழக்கில் புலிகளின் கடைசித் தளமாக இருந்த குடும்பிமலை அரச படைகளின் கைக்குப் போனபோது அவள் கைக்குழந்தை. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது மூன்று வயது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிச் சுனாமியோ அவள் பிறப்பதற்கும் முந்தியது. வேட்டுச் சத்தத்துக்கு விழிக்கும் நினைவு தாயினுடையது. மகளிடம் இருப்பது தாயின் மௌனமும், பாடசாலையிலும் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் நிரப்ப வேண்டிய படிவங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்ற தயக்கமுமே. பின்னர் படத்தில் இடம்பெற்றது இந்தத் தயக்கம்தான். அவள் பேனையை வைத்துக்கொண்டு யோசிக்கிறாள். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துகிறார். ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறாள். அரை நிமிடமும் இல்லாத அந்தக் காட்சியில், காணாமற்போன தந்தையைப் பற்றிப் படம் சொல்ல வேண்டியது அனைத்தும் இருக்கிறது.

நமது சுயாதீனப் படங்களில் வரும் இளையோர் பல வேளைகளில் மூத்தோரின் நினைவைச் சுமந்து வரும் தூதுவர்களாகவே ஆக்கப்படுகிறார்கள். கிழக்கை வெளியிலிருந்து பார்க்க வருபவர் காயத்தைத் தேடி வருகிறார். உள்ளே இருப்பவரும் அதைக் காட்டிப் பழகிவிட்டார். விழாக்களுக்கு அனுப்பப்படும் சுருக்கக் குறிப்பில் யுத்தம் என்ற சொல் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும் என்று இக்குழுவினருக்கும் ஒருவர் ஆலோசனை சொல்லியிருந்தார். யுத்தத்தை மறக்க வேண்டுமென்று நான் சொல்லவரவில்லை. அது இன்னும் முடியாத வழக்கு. ஆனால் பதினேழு வயதுக்காரியின் வீட்டுக்குள் அது எந்த வாசலால் வருகிறது என்பதைக் கவனிக்காமல், தாயின் நினைவை எடுத்து மகளின் கண்ணில் பொருத்தினால், இருவரையும் ஒருசேர இழக்கிறோம்.

நாட்கணக்கு

இரண்டாவது கேள்வியை எழுப்பியவன், சிறு பாத்திரம் ஒன்றுக்காக வந்திருந்த இளைஞன். "இவளுக்கு ரீலோட் ஆரு போடுற?" என்று, தொலைபேசிக்குக் காசு போடுவது யாரென்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம். ஆனால் எழுதியவர்களிடம் விடை இருக்கவில்லை. பிரதியில் அந்தப் பெண் பல காட்சிகளில் தொலைபேசியும் கையுமாக இருந்தாள். அந்தத் தொலைபேசியை வாங்கியது யார், சிம் யாருடைய பெயரில் இருக்கிறது, டேட்டா முடிந்தால் யாரிடம் ஹொட்ஸ்பொட் கேட்பாள் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனபோது, ஒவ்வொரு கேள்விக்குள்ளும் ஒரு காட்சி இருப்பது எழுதியவர்களுக்கு மெல்லப் புரிந்தது.

அதன்பின் குழு ஒரு பயிற்சியைச் செய்தது. பங்கேற்ற இளையோர் ஒவ்வொருவரும் தமது சாதாரண நாளொன்றை எழுந்தது முதல் படுத்தது வரை மணிக்கணக்கில் எழுத வேண்டும். அந்த நாளில் கையால் போன காசையும் வந்த காசையும் பக்கத்தில் எழுத வேண்டும். மனதில் தோன்றியதை எழுத வேண்டாம் என்பது நிபந்தனை. சிறந்த முடிவு என்பேன். உணர்ச்சியை எழுதச் சொன்னால் இளையோர் தாம் பார்த்த படங்களிலிருந்தே எழுதுவார்கள். காசை எழுதச் சொன்னால் வீட்டிலிருந்து எழுதியாக வேண்டும். வாசித்து முடிந்ததும் தாள்கள் அவரவரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டன. எதையும் படமெடுத்து வைக்கவில்லை.

அந்தத் தாள்களில் இருந்தவை, வெளியிலிருந்து எவரும் கற்பனை செய்திருக்க முடியாதவை. தொலைபேசி வீட்டுக்கு ஒன்று. பகலில் தங்கையிடம், இரவில் அண்ணனிடம். ரியூட்டரி எனும் தனியார் வகுப்பின் கட்டணம் மாத முடிவில் கொடுக்க வேண்டியது. கொடுக்க முடியாத மாதத்தில் கடைசி வாங்கில் இருந்தால் சேர் கேட்கமாட்டார் என்ற நம்பிக்கை. செங்கலடிச் சந்திக்குப் போய்வர பஸ் காசு. திரும்பி வரக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசு இல்லை, நடந்து வரவோ யானைப் பயம். ஆகையால் மாலை வகுப்பில் கடைசிக் கணக்கை ஆசிரியர் தொடங்கும்போதே படுவான்கரைப் பிள்ளைகள் கொப்பியை மூடிவிடுகிறார்கள். பதுளை வீதி வழியே உட்பகுதி ஊர்களுக்குப் போகும் மாணவர் பலருக்கு இது வழக்கம். கணிதத்திலே ஏன் பின்தங்குகிறார்கள் என்று நடத்தப்படும் கூட்டங்களில் இந்தக் கடைசிக் கணக்கைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொரு தாளில், ஒரு பெண் பாடசாலை முடிந்து வரும்போது வீதியால் வராமல் குளக்கட்டால் சுற்றி வருவதாக எழுதியிருந்தாள். ஏனென்று கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வீதியில் கடை இருக்கிறது என்றாள். கடைக் கொப்பியில் அம்மாவின் பெயரில் கணக்கு ஏறியிருந்தது. கடைக்காரர் நல்லவர், எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் பார்ப்பார், அதுதான் கஷ்டம் என்றாள். குளக்கட்டுப் பாதை அப்படியே படத்துக்குள் வந்தது. விளக்கமாக ஒரு வசனமும் இல்லை. அவள் சந்தியில் நிற்கிறாள், வீதியைப் பார்க்கிறாள், குளக்கட்டில் ஏறுகிறாள்.

தொலைபேசியின் கதையும் இப்பயிற்சியிலிருந்தே வளர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் மாறியபோது, ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கு அது திடீரென அரிசியைப் போல அத்தியாவசியமானது. படத்தின் தாய் அதற்காகப் பெண்கள் குழு ஒன்றின் வழியாகக் கடன் எடுக்கிறாள். 2022 இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதைத் தாண்டி, எல்லா விலைகளும் ஏறியபோது கிழமைத் தவணை பிந்துகிறது. அதை அடைக்க இன்னொரு கடன் வருகிறது. கிழக்கில் நுண்கடன் என்றால் என்னவென்று எவருக்கும் விளக்கத் தேவையில்லை. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கம் 2018 இல் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியிருந்தது. படம் செய்த நல்ல காரியம், கடனைத் தாயின் துயரமாக மட்டும் காட்டாமல் மகளின் கைக்குள் வைத்ததுதான். அவள் பாட்டுக் கேட்பதும், தோழியுடன் சிரிப்பதும், ஒருவனின் குறுஞ்செய்திக்குப் பதில் போடுவதும் அந்தக் கடனின் மேலேதான். அவளுக்கு அது தெரியும், தெரிந்துகொண்டே சிரிக்கிறாள். இளமையை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய இடம் படத்தில் வேறில்லை.

இந்த வழி புதியதன்று. 1948 இல் வெளிவந்த விட்டோரியோ டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' படத்தில், அடகுபோன சைக்கிளை மீட்க மனைவி படுக்கை விரிப்புகளை எடுத்துப்போய் அடகு வைக்கிறாள்; அதற்குப் பிறகு சைக்கிள் களவுபோகும்போது எதைக் களவுகொடுத்தார்கள் என்று நமக்குத் துல்லியமாகத் தெரியும். பெல்ஜியத்தின் தார்தென் சகோதரர்களுடைய 'ரொசெத்தா' (1999) கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற படம். வேலையொன்றுக்காகத் தனக்கு உதவிய நண்பனையே முதலாளியிடம் காட்டிக்கொடுக்கும் பெண்ணைப் படம் நியாயப்படுத்தவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. தமிழில் 'காக்கா முட்டை'யின் சிறுவர்கள் ரயில் பாதையில் சிந்திய கரியைப் பொறுக்கி விற்றுப் பீட்சாவுக்குக் காசு சேர்ப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மூன்றிலும் நாயகரின் ஆசைக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலை எப்படிச் சேர்கிறது என்பதே கதையாகிறது. நம்மூர்க் குறும்படங்களில் ஆசை இருக்கும், தடையும் இருக்கும். விலை மட்டும் இருப்பதில்லை.

பேச்சும் ஒலியும்

ஒளிப்பதிவு தொடங்கியதும் எதிர்பாராத இடைஞ்சல் ஒன்று வந்தது. வாசிப்பில் இயல்பாகப் பேசியவர்கள் கமெராவைக் கண்டதும் சென்னைத் தமிழுக்கு மாறினார்கள். "மறுகா என்னகா செஞ்ச?" என்று தோழியைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்புறம் என்ன பண்ணே?" என்றாள். அவளைக் குறைசொல்ல முடியாது. நடிப்பு என்றால் எப்படிப் பேசுவது என்பதை அவள் கற்றது தமிழ்நாட்டுப் படங்களிலிருந்தும் தொலைக்காட்சித் தொடர்களிலிருந்துமே. இலங்கையில் தமிழ்ப்படம் எடுக்கும் முயற்சி 1962 இல் 'சமுதாயம்' படத்துடன் தொடங்கி, 1972 இல் 'குத்துவிளக்கு', 1977 இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி', 1978 இல் 'வாடைக்காற்று' என்று ஓரளவு வளர்ந்து வந்தது. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டதோடு கட்டடமும் கருவிகளும் மட்டும் போகவில்லை, தொடர்ச்சியும் போனது. அந்தப் படங்களிலும் மட்டக்களப்பின் பேச்சு பெரிதாக ஒலித்ததில்லை. ஆகவே, தன் வீட்டுப் பேச்சைத் திரையில் கேட்டறியாத ஒரு தலைமுறை அதைத் திரைக்குரியதல்ல என்று நினைப்பதில் வியப்பில்லை.

குழு இதற்குக் கண்ட தீர்வு பொறுமைதான். வசனத்தை மனனம் செய்ய வைக்காமல், காட்சியில் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லி, கைக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டோ, பாடசாலைச் சட்டையை ஸ்திரிக்கை போட்டுக்கொண்டோ பேசும்போது சினிமாத் தமிழ் தானாகவே கழன்று விழுந்தது. பிரான்சில் லோரன் கந்தே, 2008 இல் தங்கப்பனை வென்ற வகுப்பறைப் படத்துக்காக, பாரிஸின் ஒரு பாடசாலையின் உண்மை மாணவர்களோடு ஒரு கல்வியாண்டு நெடுகப் பட்டறைகள் நடத்தி, பின்னர் ஒரே வேளையில் மூன்று கமெராக்களை ஓடவிட்டுப் படமாக்கினார். மூன்று கமெராவுக்கும் ஓராண்டுக்கும் நமக்கு வழியில்லை. ஆனால் அந்த முறையின் உயிர் கமெராவின் எண்ணிக்கையில் இல்லை. பேசுபவர் தாம் எப்போது பார்க்கப்படுகிறோம் என்பதை மறக்கும் அளவுக்கு நேரம் கொடுப்பதில் இருக்கிறது. நேரத்துக்கு மட்டும் இங்கே பஞ்சமில்லை.

இதில் எனக்கு ஒரு சிறு மறுப்பு உண்டு. சினிமாத் தமிழை முற்றாகக் களைந்துவிட வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக நின்றார். நம் பையன்கள் மதகில் குந்தியிருந்து ஒருவரையொருவர் சீண்டும்போது விஜய் வசனமும் வடிவேல் வசனமும் தாராளமாக வரும். பெண்ணொருத்திக்குச் செய்தி அனுப்பும்போது எந்த மட்டக்களப்பானும் மட்டக்களப்புத் தமிழில் எழுதுவதில்லை. வீட்டில் ஒரு பேச்சு, மதகில் ஒரு பேச்சு, தொலைபேசியில் ஆங்கில எழுத்தில் ஒரு பேச்சு என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் புழங்குவதே இளையோரின் இயல்பு. ஒன்றை மட்டும் தூயதென்று வைத்துக்கொண்டதால், வீட்டுக் காட்சிகள் உயிரோடிருக்க, மதகுக் காட்சி ஏதோ நாட்டாரியல் ஆவணம்போல விறைத்து நிற்கிறது.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமது குறும்படங்களின் படம் வரவர அழகாகிறது. ஒலி இன்னும் பரிதாபமாகவே இருக்கிறது. பின்னர் ஸ்டூடியோவில் குரல் கொடுத்தால் பேச்சிலிருந்த தயக்கம், மூச்சு, சொல்லைத் தொடங்கி விழுங்குவது எல்லாம் போய்விடும். இவர்கள் ஒரு தொலைபேசியை நடிப்பவரின் சட்டைப் பைக்குள் அல்லது சேலைத் தலைப்புக்குள் வைத்து அங்கேயே ஒலிப்பதிவு செய்தார்கள். காற்றும் மயிலும் உழவு இயந்திரமும் உள்ளே புகுந்துவிட்டன. சில வரிகள் கேட்கவே இல்லை. எனினும் தெளிவாகக் கேட்கும் செத்த குரலைவிடப் பாதி கேட்கும் உயிருள்ள குரல் மேல் என்ற அவர்களின் தெரிவை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். முதற் தொகுப்பில் இருந்த கீபோர்ட் சோக இசையை நீக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன்; பாதிதான் நீக்கினார்கள்.

ஏறாவூர்த் தோழி

ரியூட்டரியில் நாயகிக்கு ஏறாவூரிலிருந்து வரும் முஸ்லிம் தோழி ஒருத்தி இருக்கிறாள். முதற் பிரதியில் இருவரும் வாவிக்கரையில் நின்று இனங்களுக்கிடையிலான ஒற்றுமையைப் பற்றிப் பேசினார்கள். அப்பாத்திரத்தில் நடித்தவர் அதைப் படித்துவிட்டு, தாங்கள் இப்படி ஒருநாளும் பேசியதில்லை என்றார். பேசுவதெல்லாம் கடந்தகால வினாத்தாள், உடைந்த ஸ்க்ரீனை மாற்ற எவ்வளவு எடுப்பார்கள், யாருடைய நோட்ஸ் நல்லது என்பவைதான். 1990 இல் தமிழரும் முஸ்லிம்களும் கொல்லப்பட்டதைப் பற்றியும் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளைப் பற்றியும் இரண்டு வீடுகளிலும் பேசப்படுகிறது; அந்த இரண்டு பிள்ளைகளுக்கிடையில் பேசப்படுவதில்லை. அது ஒற்றுமையா, தவிர்ப்பா, இரண்டும் கலந்ததா என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. மஃரிப் எனும் அந்தித் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டியவளும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவளும் ஒரே நேரத்தில் கொப்பியை மூடி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வாசலில் எதிரெதிர்ப் பக்கமாகப் பிரிகிறார்கள். ஒற்றுமை வசனத்தின் இடத்துக்கு வந்த காட்சி இதுதான். சுருக்கமானது; போதுமானது.

பணம் கொடுத்தவர்கள் கேட்டது

கிழக்கில் இளையோர் குறும்படங்களுக்குப் பணம் வரும் முதன்மையான வழி விழிப்புணர்வுத் திட்டங்களே. இளவயதுத் திருமணம், போதைப்பொருள், வீதி விபத்து, டெங்கு என்று தலைப்பு முன்கூட்டியே வரும். இதனால் நல்ல கருவிகளும் சில நல்ல கைகளும் உருவாகியிருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வழியில் எடுக்கப்படும் படங்களில் இளையோர் எப்போதும் ஒரு பிரச்சினையின் பெயராகவே வருகிறார்கள். பிரச்சினை இல்லாத நாளில் அவர்களுக்குத் திரையில் இடமில்லை. இப்படத்துக்கும் ஒரு சிறு தொகை அவ்வாறான திட்டமொன்றிலிருந்தே வந்தது. அண்ணன் போதைக்கு அடிமையானவன் என்ற முதற் பிரதியின் அமைப்பும் அந்தத் தலைப்புக்கு ஏற்ப உருவானதே.

நாட்கணக்குப் பயிற்சிக்குப் பிறகு அண்ணனின் பாத்திரம் மாறியது. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல், மேசன் வேலைக்குப் போய், லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்து, கட்டாருக்குப் போக முகவர் ஒருவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பத்தொன்பது வயதுக்காரனாக அவன் ஆனான். பணம் கொடுத்த தரப்பு இதை விரும்பவில்லை. படத்தின் முடிவில் ஒரு செய்தி வாசகம் வர வேண்டும் என்று கேட்டார்கள். குழு படத்தை இரண்டு விதமாக முடித்தது. அந்தத் தரப்பின் கூட்டத்தில் காட்டிய பிரதியில் கறுப்புத் திரையில் வாசகம் வந்தது. மற்றப் பிரதியில் வரவில்லை. இந்த ஏற்பாடு எனக்கு முழு உவப்பில்லை. ஆனால் பணமில்லாத கலைஞர்களுக்குக் கொள்கையை உபதேசிப்பது எளிது என்பதையும் அறிவேன்.

வருத்தம் என்னவென்றால், மாற்றிய பின்னரும் அண்ணனின் பகுதி மெலிந்தே இருக்கிறது. தங்கையின் ஒவ்வொரு ரூபாவும் நமக்குத் தெரிகிறது. முகவருக்குக் கொடுத்த பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரிவதில்லை. தாயின் காதில் இருந்ததா, காணி உறுதியா, மாமாவின் கையா? நடித்த இளைஞனிடம் கேட்டபோது அவனும் அதைச் சொல்ல விரும்பவில்லை, உண்மையில் அவனும் அப்படிக் காத்திருந்தவன். சொல்லாதிருக்க அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் எழுதியவர்கள் அந்த வெற்றிடத்தை வேறொரு வீட்டின் கணக்கால் நிரப்பியிருக்கலாம்; அதற்குப் பதிலாக, அவன் மதகில் இருந்து தூரத்தைப் பார்க்கும் நீண்ட காட்சியொன்றால் நிரப்பினார்கள். தூரத்தைப் பார்க்கும் இளைஞர்களால் நமது குறும்படங்கள் நிரம்பி வழிகின்றன. என்ன பார்க்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

யாருடைய வீடு

உண்மைக்கு நெருங்க நெருங்க, அந்த உண்மைக்குச் சொந்தக்காரருக்கு ஏற்படும் ஆபத்தும் கூடுகிறது. நகரத்தில் எடுக்கும் படத்தில் ஒரு கடன்காரியைக் காட்டினால் அவள் யாரென்று எவருக்கும் தெரியாது. முந்நூறு வீட்டு ஊரில் கதவின் நிறத்தைக் கண்டாலே வீடு தெரிந்துவிடும். கடன் அறவிட வரும் இளைஞர் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து தண்ணீர் குடிக்கும் காட்சி, நடித்த மாணவி ஒருத்தியின் வீட்டில் நடந்ததை ஒட்டியது. படப்பிடிப்புக்கு இரண்டு நாட்களுக்கு முன், அதைத் தன் வீட்டில் எடுக்க வேண்டாம் என்றாள் அவள். காட்சியை நீக்கச் சொல்லவில்லை; வேறு ஊரில், வேறு வீட்டில், தொகையையும் கிழமையையும் மாற்றி எடுக்கச் சொன்னாள். குழு அப்படியே செய்தது. தாயாக நடித்தவரும் வேறு ஊர்க்காரர்.

இதனால் காட்சியின் நம்பகம் குறைந்ததா என்று கேட்டால், என் பார்வையில் கூடியது. உண்மையான வீட்டில் எடுத்திருந்தால் அந்தப் பெண் தன் தாயைப் பாதுகாக்கும் முயற்சியிலேயே இருந்திருப்பாள். வேறு வீட்டில், வேறொரு தாயோடு இருந்தபோது, அவள் தான் அறிந்ததையெல்லாம் அச்சமின்றிச் செய்தாள். அந்த இளைஞர் வந்ததும் தொலைபேசியைச் சட்டென்று தலையணைக்கு அடியில் வைப்பது பிரதியில் எழுதப்படாத செய்கை. வந்தவரும் அவளை விட நான்கைந்து வயது மூத்தவரே. அவருக்கும் மாத இலக்கு உண்டு, அவருடைய மோட்டார் சைக்கிளும் லீசிங்தான். அவரைக் கொடியவராகக் காட்டாமல் விட்டது படத்தின் முதிர்ச்சி.

காட்சிப்படுத்தலும் அதற்குப் பின்னும்

ஊரின் பல்நோக்கு மண்டபத்தில் முதலில் காட்டப்பட்டது. குளக்கட்டுப் பாதையில் அவள் ஏறியபோது மண்டபம் முழுவதும் சிரித்தது. எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கடைக்காரரும் அங்கேதான் இருந்தார், அவரும் சிரித்தார் என்று பின்னர் சொன்னார்கள். ஒரு தாய் எழுந்து, பிள்ளை படிப்பதைக் காட்டவே இல்லையே, எந்நேரமும் போனும் கையுமாக அல்லவா காட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. தம் பிள்ளையின் முகத்தை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது அவருடைய கவலை. நாயகியாக நடித்தவளே அதற்குப் பதில் சொன்னாள்: "அன்ரி, அவ போன்லதான் படிக்கிறா." அந்தப் பதிலோடு விவாதம் படத்தைவிட்டு விலகி, பாடசாலையில் நோட்ஸ் ஏன் வட்ஸ்அப்பில் போடுகிறார்கள் என்பதற்குப் போய்விட்டது.

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் உள்ள கல்லடியில் மாணவர்களுக்குக் காட்டியபோது வரவேற்பு வேறுவிதமாக இருந்தது. குளக்கட்டுக் காட்சியில் மண்டபம் மௌனமாக இருந்தது. அழகான ஒளிப்பதிவு என்று ஒருவர் பாராட்டினார். அவள் ஏன் அந்த வழியால் போகிறாள் என்று இன்னொருவர் கேட்டார். யுத்தத்தின் தாக்கத்தை இன்னும் ஆழமாகச் சொல்லியிருக்கலாம் என்று மூன்றாமவர் சொன்னார். படிவத்தில் போடப்பட்ட கோட்டை அவர் கவனிக்கவில்லை போலும். இரண்டு மண்டபங்களுக்கும் இடையிலுள்ள தூரம் வாவிதான். யாருக்காக எடுக்கிறோம் என்ற கேள்வி அந்த மாலையில் குழுவினரிடையே வெடித்தது. விளக்கமாக ஒரு வசனம் சேர்த்தால் எழுவான்கரைக்கும் கொழும்புக்கும் விளங்கும், ஊருக்கு அலுக்கும் என்று ஒரு சாரார். விளங்காத இடத்தில் பார்ப்பவர் கேட்டறியட்டும் என்று மறுசாரார். இரண்டாவது தரப்பு வென்றது; காட்சி மாற்றப்படவில்லை. எனது சார்பும் அப்பக்கமே. ஊரார் சிரிப்பதற்குரிய காட்சியை வெளியூராருக்கு விளங்குவதற்குரிய காட்சியாக மாற்றும்போது, சிரித்தவர்கள்தான் முதலில் வெளியேற்றப்படுகிறார்கள்.

படத்தை யூடியூப்பில் ஏற்றுவது பற்றி இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. ஒளிப்பதிவு செய்தவருக்கு அது வேலை தேடித்தரும். தேவையும் நியாயமும் உள்ள கோரிக்கை. நாயகியாக நடித்தவள் இப்போது பதினெட்டைத் தாண்டிவிட்டாள், கையொப்பமிடவும் சட்டப்படி முடியும். ஆனால் உயர்தரப் பெறுபேறு வந்து, எங்கே போவதென்று தெரிந்த பிறகு பார்க்கலாம் என்கிறாள். வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக வெட்டி அனுப்பப்படுவதுதான் அவளுடைய பயம். அந்தப் பயத்துக்கு ஊரில் முன்னுதாரணம் உண்டு. ஆகையால் கேட்பவர்களுக்கு நேரில் காட்டுவது, பிரதி கொடுப்பதில்லை என்ற ஏற்பாட்டில் படம் ஒரு பென்டிரைவில் இயக்குநரிடம் இருக்கிறது. அண்ணனாக நடித்த இளைஞனுக்கு விசா கிடைத்து, அவன் தோஹாவில் கட்டட வேலையில் இருக்கிறான். அவனுடைய பகுதியைத் தனிப் படமாக எடுக்கும் யோசனையில், முகவருக்குக் கொடுத்த காசின் கணக்கைச் சொல்ல இப்போது அவனுக்குச் சம்மதமா என்று இயக்குநர் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை லீவு நாளில் கோல் எடுக்கிறேன் என்று அவன் பதில் போட்டிருக்கிறான்.